இரண்டு கம்பித் துண்டுகள்

பக்கத்து வீட்டு அண்ணாச்சி முதல் தடவை வந்து சொன்னது போன வருஷம் ஆடி மாதம். "தம்பி, உங்க வீட்டுல எதையோ போட்டா நம்ம ரேடியோ கெடந்து கத்துது. என்னன்னு ஒரு பார்வை பாருங்களேன்" என்றார். பாளையங்கோட்டையில் டிவி, செட்டாப் பாக்ஸ் பழுது பார்க்கும் கடை எனக்கு. பதினெட்டு வருஷமாக இதுதான் சோறு போடுகிறது. அதனால்தானோ என்னவோ, யோசிக்காமலே பதில் வந்துவிட்டது. "மீடியம் வேவ் அப்படித்தான் அண்ணாச்சி. செட்டும் பழசு. மொபைல்ல ஆப் இருக்கு, அதுல கேளுங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்." அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வீட்டு வாசலில் ரெண்டாவது தடவை நின்று கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

இந்த வைகாசியில் ஒரு நாள் சாயந்திரம் தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று. நான் வாசல்படியில் வந்து உட்கார்ந்தேன். அண்ணாச்சி திண்ணையில் அந்தப் பழைய பிலிப்ஸ் செட்டை மடியில் வைத்திருந்தார், பேட்டரியில் ஓடுவது. திருநெல்வேலி நிலையம், 1197 கிலோஹெர்ட்ஸ். யாரோ ஒரு விவசாயி வாழைக்குப் பக்கக்கன்று எடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் அத்தனை தெளிவு. மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அந்த செட்டிலிருந்து இப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பத்து நிமிஷத்தில் கரண்ட் வந்தது. என் வீட்டுக்குள் நெட் ரூட்டரின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. அதே நொடியில் அந்த விவசாயியின் குரலுக்கு மேல் 'கொர்ர்ர்' என்று ஒரு கனத்த இரைச்சல் ஏறி உட்கார்ந்தது. அண்ணாச்சி என் பக்கம் பார்க்கவில்லை. சத்தத்தைக் குறைத்து, செட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் திரும்பிப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு வருஷமாக தினமும் சாயந்திரம் அந்த மனுஷன் இப்படித்தான் உள்ளே போயிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

## எங்கெல்லாம் கத்துகிறது

அன்று இரவு கடையிலிருந்து ஒரு கை ரேடியோவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. ரூட்டரோடு வந்த 12 வோல்ட் அடாப்டர்தான். பிளக்கைப் பிடுங்கினால் அமைதி, சொருகினால் கொர்ர்ர்.

டயலை மெதுவாகத் திருப்பினால் அந்த இரைச்சல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. ஓர் இடத்தில் கத்தும், பிறகு அடங்கும், கொஞ்சம் தள்ளி மறுபடி கத்தும். இடைவெளியை அளந்தால் சுமார் 66 கிலோஹெர்ட்ஸ். இந்தச் சின்ன அடாப்டர்களுக்குள் இருக்கும் ஐசி, நொடிக்கு ஏறக்குறைய 65 ஆயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. ஒவ்வொரு வெட்டும் கத்தி மாதிரி கூர்மையானது. அதனால் 65 ஆயிரத்தோடு நிற்காமல் அதன் ரெண்டு மடங்கு, மூணு மடங்கு, இருபது மடங்கு என்று வாய்ப்பாடு போலப் போய்க்கொண்டே இருக்கும். தரவுத்தாளில் 65 என்று போட்டிருந்தாலும் ஐசிக்கு ஐசி, சூட்டுக்குச் சூடு கொஞ்சம் விலகும். என்னுடையது 66.5 பக்கம் ஓடியது. 66.5-ஐ 18-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1197. அண்ணாச்சியின் நிலையம் இருக்கிற அதே புள்ளி. அந்தக் கொர்ர்ர் என்கிற கரகரப்பு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை டயோடுகள் நேராக்கும்போது வரும் 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம், இந்த மடங்குகளின் முதுகில் ஏறி வருவது.

எல்லா ஐசியும் ஏன் இந்த 65-ஐச் சுற்றியே இருக்கிறது என்று தொழிலுக்கு வந்த புதிதில் யோசித்திருக்கிறேன். காரணம் தெரிந்தபோது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. மின்கம்பி வழியாகக் கருவிகள் வெளியே தள்ளும் இரைச்சலை உலகம் முழுக்க அளக்கிறார்கள். ஆனால் அந்த அளவை 150 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. 65-ம் அதன் ரெண்டு மடங்கான 130-ம் கோட்டுக்குக் கீழே நின்றுவிடும். மிகப் பலமான முதல் ரெண்டு அலைகளும் கணக்கில் வராது, மூணாவதிலிருந்து அடக்கினால் போதும். இந்த வரம்புகளை வகுத்த சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு 1934-ல் தொடங்கியது. மோட்டார்களும் மற்ற மின்கருவிகளும் பெருகப் பெருக, வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறவனுக்கு எதுவுமே கேட்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட குழு அது. இன்றைக்கும் வீட்டுக் கருவிக்கு அவர்கள் வைத்திருக்கும் வரம்பு, 500 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை 56 டெசிபல். சாதாரணக் கணக்கில் சொன்னால் சுமார் 630 மைக்ரோவோல்ட், ஒரு வோல்ட்டில் ஆயிரத்தைந்நூறில் ஒரு பங்குகூட ஆகாது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அண்ணாச்சிக்காக எழுதிய எண் என்றுதான் நான் அதை இப்போது வாசிக்கிறேன்.

## ஸ்கோப் சரி என்றது, ரேடியோ இல்லை என்றது

முதலில் நான் செய்ததெல்லாம் பழுது பார்ப்பவன் கை தானாகச் செய்கிற வேலைகள். அடாப்டரின் வெளியீட்டில் 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று, கூடவே ஒரு 0.1. ஸ்கோப்பை, அதாவது வோல்ட்டேஜின் ஆட்டத்தைத் திரையில் கோடாகக் காட்டும் கருவியை, வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் மேல் ஆடிக்கொண்டிருந்த சிற்றலை 120 மில்லிவோல்ட்டிலிருந்து 30-க்கு இறங்கிவிட்டது. திரையில் கோடு அழகாக இருந்தது. பக்கத்தில் வைத்திருந்த ரேடியோவில் இம்மியும் மாற்றம் இல்லை.

அடுத்து ஒரு கவ்வு ஃபெரைட். லேப்டாப் வயரில் உருளையாக இருக்குமே, அதேதான், வயரின் மேல் கவ்விக்கொள்ளும் வகை. அதற்கும் ரேடியோ அசையவில்லை. அந்த வகை ஃபெரைட் பத்து மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, நூறு பக்கம் வேலை செய்வதற்காகக் கலந்த மண். ஒரு மெகாஹெர்ட்ஸில் ஒற்றைச் சுற்றாகப் போட்டால் சில ஓம் தடை தருவதே அதிகம்.

ரெண்டு நாள் இதிலேயே போயிற்று. ஸ்கோப் சரி என்கிறது, ரேடியோ இல்லை என்கிறது. இதில் எது பொய் சொல்கிறது?

மூணாவது நாள் ரூட்டரைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக 22 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை அடாப்டர் வயரின் நுனியில் மாட்டினேன். அரை ஆம்பியர் இழுக்கும், ரூட்டர் இழுக்கிற அளவுதான். சும்மா கழற்றி வைத்தால் ஐசி தூங்கித் தூங்கி விழிக்கும், ஒப்பிட முடியாது, அதனால் இந்த ஏற்பாடு. சொருகினேன். இரைச்சல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அதே அடாப்டர், அதே சுமை. ரூட்டரும் அதன் பின்னால் மாடிக்குப் போகும் எட்டு மீட்டர் லேன் வயரும் மட்டும்தான் இல்லை.

பிறகு மேசையில் கிடந்த மூணு மீட்டர் சிவப்பு வயர் ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையை அடாப்டரின் வெளியீட்டு மைனஸில் மட்டும் தொட்டேன். இன்னொரு முனை தரையில் சும்மா கிடந்தது. எதோடும் இணைக்கவில்லை. ரேடியோ அலறியது. வயரை எடுத்தால் அடங்கியது, தொட்டால் அலறியது. ஐந்தாறு தடவை தொட்டுத் தொட்டு எடுத்திருப்பேன்.

முனை எங்கும் போகாத ஒரு வயரில் எப்படி மின்சாரம் ஓடும்? ஐடிஐயில் படித்த நாளிலிருந்து மின்சாரம் என்றால் பிளஸ்ஸில் போய் மைனஸில் திரும்புவது என்றே என் மனசில் பதிந்திருந்தது. ஸ்கோப்பின் முனையையும் கிளிப்பையும் அந்த ரெண்டுக்கும் நடுவேதான் வைப்பேன். அந்த ரெண்டுக்கும் நடுவே ஆடுவது டிஃபரன்ஷியல் மோடு. அதை நான் அடக்கிவிட்டேன், ஸ்கோப் பொய் சொல்லவில்லை. ஆனால் பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே கயிறு மாதிரி, பூமியைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தன. காமன் மோடு என்ற சொல்லைப் பதினெட்டு வருஷமாக வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சிவப்பு வயர் கையில் இருந்தபோதுதான் அது எனக்குக் கண்ணால் பார்த்த மாதிரி ஆயிற்று.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றும் ரெண்டாவது சுற்றும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றியவை. நடுவில் ஒரு மெல்லிய மஞ்சள் டேப். ரெண்டு உலோகம், நடுவில் டேப் என்றால் அதுவே ஒரு கண்டென்சர்தான். ஐம்பது பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் மாஸ்ஃபெட் என்கிற மின்னணு சுவிட்ச் வெட்டும்போது வோல்ட்டேஜ் ஏறக்குறைய 500 வரை ஏறி இறங்கும், ஒவ்வொரு ஏற்றமும் நூறு நானோ நொடிக்குள். பெருக்கி வகுத்தால் கால் ஆம்பியர்! கண்ணுக்குத் தெரியாத அந்தக் கண்டென்சர் வழியாக ஒவ்வொரு வெட்டுக்கும் கால் ஆம்பியர் உயரத்துக்கு ஒரு முள் அந்தப் பக்கம் குதிக்கிறது. குதித்தது எப்படியாவது புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். வழி இல்லையென்றால் வெளியீட்டு வயர், லேன் வயர், காற்று, சுவர், தெரு மின்கம்பி என்று ஊரைச் சுற்றித் திரும்புகிறது. அந்தச் சுற்றின் நடுவில் அண்ணாச்சியின் திண்ணை இருக்கிறது.

## மூடியைத் திறந்தபோது

அடாப்டரின் பிளாஸ்டிக் உறையை வைஸில் மெல்ல இறுக்கி உடைத்தேன். போர்டை வெளியே எடுத்து, மெயின் கண்டென்சரை ரெசிஸ்டர் வைத்து வடித்தேன். 230 வோல்ட்டை நேராக்கினால் 325 ஆகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே காத்திருக்கும். பிறகு விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன்.

ஏசி உள்ளே வரும் இடத்தில், வெள்ளை மையில் ஒரு சதுரம் அச்சாகியிருந்தது. அதன் மேல் எல்எஃப்1. லைன் ஃபில்டர், அதாவது இரைச்சலை மறிக்கும் சோக் என்கிற கம்பிச் சுருள் உட்கார வேண்டிய இடம். நாலு துளை. அந்த நாலு துளைகளில் சோக்குக்குப் பதிலாக, ஏதோ ரெசிஸ்டரிலிருந்து நறுக்கிய கால் மாதிரி ரெண்டு கம்பித் துண்டுகள், பக்கத்துப் பக்கத்தில், ஒழுங்காக வளைத்துப் பற்றவைத்திருந்தன. அதற்கு முன்னால் சிஎக்ஸ்1 என்று ஒரு கண்டென்சருக்கான கட்டம், காலி. டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில், ரெண்டு பக்கத்தையும் பிரிக்கும் அகன்ற இடைவெளியின் இரு கரையிலும் ஒவ்வொரு துளை, சிஒய்1. அதுவும் காலி. துளைகளில் ஈயம்கூடப் படவில்லை.

வெகு நேரம் அந்தப் போர்டைக் கையிலேயே வைத்திருந்தேன். இதை வரைந்த பொறியாளருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எந்த முள் எங்கே குதிக்கும், எங்கே மறிக்க வேண்டும், எந்தக் குறுக்குவழியில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று யோசித்து இடம் ஒதுக்கியிருக்கிறார். முதல் மாதிரியில் இந்த மூணும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதன் பிறகு யாரோ, ஏதோ ஒரு மேசையில், இதெல்லாம் இல்லாமலும் ரூட்டர் ஓடுகிறதே என்று எடுத்திருக்கிறார்கள். ரூட்டர் ஓடத்தான் செய்கிறது. எனக்கு ஒரு வருஷம் ஒரு குறையும் தெரியவில்லை. வாங்கினவனுக்கு எந்தக் கஷ்டமும் வராது, பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் வரும். அவன் கடைக்குப் போய்க் கேட்கவும் முடியாது, ஏனென்றால் அவன் எதையும் வாங்கவில்லை. அடாப்டரின் முதுகில் இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை இருந்தது. அது ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பதற்கான பாதுகாப்பு முத்திரை. இரைச்சலைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இதை அநியாயம் என்றுதான் நான் சொல்வேன்.

அதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த சிஒய்1-ல் வர வேண்டிய நீலநிற வட்டக் கண்டென்சரை, என் கையாலேயே எத்தனையோ போர்டுகளிலிருந்து நறுக்கி எடுத்திருக்கிறேன். செட்டாப் பாக்ஸைத் தொட்டால் சுருக்கென்கிறது, டிஷ் வயரை மாட்டும்போது விரலில் கடிக்கிறது என்று வருவார்கள். காரணம் அந்த நீலக் கண்டென்சர். முதல் பக்கத்தையும் ரெண்டாவது பக்கத்தையும் அது இணைப்பதால், எர்த் இல்லாத ரெண்டு பின் பிளக்கில் கொஞ்சம் மின்சாரம் பாக்ஸின் உடம்புக்கு வந்துசேரும். 2.2 நானோஃபாரட் என்றால் 230 வோல்ட்டில் அதிகபட்சம் 0.16 மில்லிஆம்பியர். ஆளைக் கொல்லாது, ஆனால் சுருக்கென்று தெரியும். டிவி, ஹோம் தியேட்டர் என்று எல்லாம் ஒரே வயரில் சேர்ந்தால் கூடிப்போகும். ஒரு வெட்டு, ஐந்து நிமிஷம், ஐம்பது ரூபாய். வந்தவர் சந்தோஷமாகப் போவார். நறுக்கிய அந்த நொடியிலிருந்து அவர் தெருவில் எத்தனை ரேடியோ ஊமையாயிற்று என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

## மறுபடி வைத்தது

செத்துப்போன ஒரு அடாப்டரிலிருந்து அதே நாலு கால் சோக் கிடைத்தது, சுமார் 20 மில்லிஹென்றி. இதன் அழகைச் சொல்லாமல் போக முடியாது. ஒரே ஃபெரைட்டில் ரெண்டு சுற்று. போகிற மின்சாரம் ஒன்றில், வருகிறது மற்றொன்றில். வீட்டு மின்சாரம் இப்படி எதிரெதிராகப் போவதால் அதன் காந்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சோக் இருப்பதே அதற்குத் தெரியாது. ரெண்டு வயரிலும் சேர்ந்து ஒரே திசையில் வரும் இரைச்சலுக்கு மட்டும் காந்தம் கூடும், சுவர் போல நிற்கும். சாதாரணக் காயிலாக இருந்தால் வீட்டு மின்சாரத்திலேயே ஃபெரைட் நிரம்பிச் செயலற்றுப் போயிருக்கும்.

ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு தடவையும் ரேடியோவைக் கையில் பிடித்துப் பின்னால் நடந்து பார்த்தேன். சிஎக்ஸ்1-ன் இடத்துக்கு மஞ்சள் பெட்டி மாதிரியான எக்ஸ்2 கண்டென்சர், 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட்: அதை மட்டும் வைத்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. அது ரெண்டு வயருக்கும் நடுவே ஆடுவதைத்தான் பார்த்துக்கொள்ளும். சோக் ஏறியதும் மூணு மீட்டரில் இரைச்சல் கேட்பது நின்றது. சிஒய்1 ஏறியதும் ஒரு முழத்தில் நின்றது. குதித்த முள்ளுக்கு, ஊரைச் சுற்றாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப ஒரு விரல்கடை நீளத்தில் வழி கிடைத்துவிட்டது. கடைசியாக, பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸின் மெயின் சோக்கில் இருந்த ஃபெரைட் வளையத்தில் வெளியீட்டு வயரை ஒன்பது சுற்றுச் சுற்றினேன். அந்த மாங்கனீஸ் துத்தநாக ஃபெரைட் கீழ் அலைவரிசைக்கானது, தடையும் சுற்றுகளின் வர்க்கத்தில் கூடும், ஒன்பதுக்கு எண்பத்தொரு மடங்கு. அதன் பிறகு ரேடியோவை அடாப்டருக்கு ஒரு சாண் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கொர்ர்ர் கேட்டது.

செலவைக் கேட்பீர்கள். சோக்கைப் புதிதாக வாங்கியிருந்தால் 15 ரூபாய். மஞ்சளுக்கு 8, நீலத்துக்கு 4. சில்லறையாக ஒன்றே ஒன்று வாங்கும் எனக்கு இந்த விலை.

இதை வாசித்துவிட்டு யாராவது கையில் ஈயப்பற்றுக்கோலை எடுத்தால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த நீலக் கண்டென்சரின் இடத்தில் ஒய்1 என்று அச்சடித்த கண்டென்சரைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள். ஒரு கிலோவோல்ட் தாங்கும் சாதாரண டிஸ்க்கும் பார்க்க அப்படியே இருக்கும். ஆனால் அது கெட்டுப்போகும்போது ஷார்ட் ஆகலாம். ஷார்ட் ஆனால் மெயின் மின்சாரம் நேராக ரூட்டர் வயருக்கு வந்துவிடும், தொட்டவர் உயிர் போகும். ஒய் வகைகள் கெட்டாலும் திறந்துகொண்டே கெடும்படி செய்து, சோதித்து, சான்று வாங்கி வருபவை. எக்ஸ் இடத்திலும் அப்படித்தான், எக்ஸ்2 என்று எழுதியிராத எதுவும் அங்கே தீப்பிடிக்கக் காரணமாகலாம்.

மறுநாள் காலை அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "உங்க செட்டுல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எல்லாம் என் வீட்டுல இருந்துதான் வந்துருக்கு. போன வருஷமே நீங்க சொன்னீங்க." அவர் செட்டைப் போட்டார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. முழுசும் கேட்டு முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "காபி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றார்.

கடையில் நாலு வருஷத்துப் பில் புத்தகம் இருக்கிறது. 'ஷாக் கம்ப்ளெயின்ட்' என்று எழுதிய பில்களைத் தனியாக எடுத்தேன், நாற்பத்தொன்று. நம்பர் உள்ளவர்களைக் கூப்பிட்டு, செட்டாப் பாக்ஸைக் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம் என்கிறேன். அவர்களுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. நல்லா ஓடுற பாக்ஸுல என்னத்தைப் போடப் போறீங்க என்கிறார்கள். இதுவரை ஆறு பேர் வந்திருக்கிறார்கள். 2.2-க்குப் பதில் ஒரு நானோஃபாரட் ஒய்1 போடுகிறேன், கசிவு சுமார் 0.07 மில்லிஆம்பியரோடு நின்றுவிடும். சுருக்கென்பதற்கு மருந்தாக டிஷ்ஷின் கம்பத்துக்கு எர்த் கொடுக்கச் சொல்லி, வீடு பக்கத்தில் இருந்தால் நானே போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். நேற்று வந்தவர் மேலப்பாளையத்திலிருந்து. பாக்ஸைத் திறந்தேன். நான் நறுக்கிய நீலக் கண்டென்சரின் ரெண்டு கால்களும் போர்டில் அப்படியே நின்றுகொண்டிருந்தன.